நிறைந்திருப்பதும் நினைவுக்கு வருவதும்

வீடியோ கேம் கொன்சோல் ஒன்றின் நினைவகத்துக்கு இரண்டு அளவுகள் உண்டு. முதலாவது கொள்ளளவு: ஒரே நேரத்தில் எத்தனை மெகாபைட், எத்தனை ஜிகாபைட் தரவை அது தாங்கும் என்பது. இரண்டாவது வேகம்: தாங்கியிருப்பதில் எவ்வளவை ஒரு விநாடிக்குள் செயலிக்கு எடுத்துக் கொடுக்கும், கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் காக்க வைக்கும் என்பது. வாங்க வருபவர் பெரும்பாலும் முதலாவதைக் கேட்கிறார். விளையாடும்போது கையிலும் கண்ணிலும் தெரிவதோ பெரும்பாலும் இரண்டாவது.

இந்த வேறுபாட்டுக்குள் பழைய மெய்யியல் கேள்வி ஒன்று இருக்கிறது. ஒன்றை நினைவில் வைத்திருப்பதும் அதை நினைப்பதும் ஒரே செயலா? உள்ளே எல்லாம் இருந்தும் இந்தக் கணத்தில் ஒன்றுதான் எழுகிறது என்றால், அறிவு இருப்பைச் சார்ந்ததா, வருகையைச் சார்ந்ததா? நியாயம், பௌத்தம், சைவ சித்தாந்தம் ஆகிய மூன்று மரபுகளும் இதற்கு வெவ்வேறு விடை சொல்லியிருக்கின்றன. கொன்சோல்களின் வரலாறு அந்த விடைகளைச் சோதித்துப் பார்க்க நல்ல களம். அங்கே இருப்பும் வருகையும் தனித்தனியே எண்ணால் அளக்கப்படுகின்றன.

இந்த இரு அளவுகளையும் ஒரு வாவியிலும் காணலாம். மட்டக்களப்பு வாவியின் நீளம் 50 கிலோமீற்றருக்கு மேல். களுவாஞ்சிக்குடிக்கு வடக்கே, அந்த வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் செட்டிபாளையம் இருக்கிறது. மாரி காலத்தில் வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் வாழும் மக்களின் கவலை வாவி எவ்வளவு பெரியது என்பதில் இருப்பதில்லை. முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பதில்தான் இருக்கும். மணல்திட்டு வாயை அடைத்துக்கொண்டால் எத்தனை பெரிய வாவியாலும் பயனில்லை. நீர் வயல்களுக்குள் ஏறும். கொள்ளளவுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவும் இத்தகையதே. வாவி எவ்வளவு பெரிதாகிறதோ, அவ்வளவுக்கு வாயும் அகலவேண்டும்.

1977இல் வெளிவந்த அட்டாரி 2600 கொன்சோலின் நினைவகம் 128 பைட். ஒரு பக்கத் தமிழ் எழுத்தைக்கூட அதற்குள் அடக்க முடியாது. முழுப் படத்தையும் வைத்துக்கொள்ள இடமில்லாததால், தொலைக்காட்சித் திரையில் கதிர் ஒவ்வொரு கோடாக நகரும்போதே நிரல் அந்தக் கோட்டுக்கு வேண்டியதைக் கணித்துக் கொடுத்தது. போன கோடு அதன் நினைவில் இல்லை. வரும் கோடு இன்னும் உருவாகவில்லை. 1983இல் வந்த நின்டெண்டோவின் பமிகொம், 2 கிலோபைட் முதன்மை நினைவகமும் காட்சிக்கென இன்னொரு 2 கிலோபைட்டும் கொண்டிருந்தது. 2000இல் பிளேஸ்டேஷன் 2 வந்தபோது அளவு 32 மெகாபைட்டாகவும் வேகம் விநாடிக்கு 3.2 ஜிகாபைட்டாகவும் உயர்ந்தன.

இந்த எண்களை, திரையில் ஒருமுறை வரையப்படும் முழுப் படமான சட்டகத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். விநாடிக்கு 60 சட்டகங்கள் வரையும் விளையாட்டில் ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 16.7 மில்லிவிநாடி. அதுவே கொன்சோலின் கணம். அந்தக் கணத்துக்குள் எடுக்க முடிந்ததுதான் திரையில் தோன்றும். எடுக்க முடியாதது எவ்வளவு அருகில் இருந்தாலும் அந்தக் கணத்துக்கு இல்லாததே. பிளேஸ்டேஷன் 2 தன் வேகத்தை முழுதாகப் பயன்படுத்தினால் ஒரு சட்டகத்துக்குள் ஏறக்குறைய 53 மெகாபைட் படிக்கலாம். அதாவது தன் 32 மெகாபைட் முழுவதையும் ஒருமுறை சுற்றி வந்த பிறகும் நேரம் மிஞ்சும். 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360இன் நினைவகம் 512 மெகாபைட். வேகம் விநாடிக்கு 22.4 ஜிகாபைட். ஒரு சட்டகத்துக்குள் ஏறக்குறைய 373 மெகாபைட்டைத்தான் அந்த நினைவகத்திலிருந்து எடுக்கலாம். கொன்சோல் வளர்ந்தது, வேகமும் ஏழு மடங்கானது. ஆயினும் தன்னிடம் உள்ளதை ஒரே கணத்தில் முழுதாகத் தொடும் ஆற்றல் இந்த இடத்தில் அதன் கையைவிட்டுப் போனது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 விநாடிக்கு 448 ஜிகாபைட் வேகம் கொண்டது. அதுவும் தன் 16 ஜிகாபைட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே ஒரு சட்டகத்தில் தொட முடியும்.

கொள்ளளவு ஒன்றாக இருந்து வேகம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2013ஆம் ஆண்டு நல்ல சான்று தந்தது. அந்த ஆண்டு வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் வன் இரண்டிலும் 8 ஜிகாபைட் நினைவகம். முன்னையதன் வேகம் விநாடிக்கு 176 ஜிகாபைட், பின்னையதன் முதன்மை நினைவக வேகம் ஏறக்குறைய 68 ஜிகாபைட். சட்டகக் கணக்கில் ஒன்று 2.9 ஜிகாபைட்டையும் மற்றது 1.1 ஜிகாபைட்டையும் தொடும். குறையை ஈடுசெய்ய எக்ஸ்பாக்ஸில் 32 மெகாபைட் அளவிலான மிக வேகமான சிறு நினைவகம் ஒன்றைச் சில்லுக்குள்ளேயே வைத்தார்கள். அப்படியிருந்தும் அந்த ஆண்டின் கோல் ஒப் டியூட்டி விளையாட்டு பிளேஸ்டேஷனில் 1080 கோட்டுத் துல்லியத்திலும் எக்ஸ்பாக்ஸில் 720 கோட்டுத் துல்லியத்திலும் ஓடியது. வரைகலைச் செயலியின் வலுவிலும் வேறுபாடு இருந்ததால் முழுப் பழியையும் நினைவகத்தின்மேல் போட முடியாது. என்றாலும், சமமாக நிறைந்த இரண்டு நினைவகங்கள் சமமாக நினைப்பதில்லை என்பது அங்கே கண்கூடாகத் தெரிந்தது.

கௌதமரின் நியாய சூத்திரம் மனம் என்ற ஒன்று உண்டு என்பதற்குக் காட்டும் அடையாளமே இந்த வரம்புதான். கண்ணும் காதும் மூக்கும் ஒரே நேரத்தில் தத்தம் பொருள்களோடு பொருந்தியிருந்தாலும் அறிவுகள் ஒருங்கே தோன்றுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகவே தோன்றுகின்றன. ஆன்மா எங்கும் நிறைந்தது, பொறிகள் பல. இருந்தும் அறிவு வரிசையில் வருகிறதென்றால், இடையே ஒரு நேரத்தில் ஒன்றோடு மட்டுமே சேரக்கூடிய கருவி ஒன்று இருக்கவேண்டும். அதுவே மனம். அணுவளவினதாக இருப்பதால் அது இரண்டு இடத்தில் இருக்க முடியாது.

பலவற்றை ஒருங்கே அறிவதுபோலத் தோன்றுகிறதே என்ற தடைக்கு நியாயம் கொள்ளிவட்டத்தைக் காட்டுகிறது. சுழற்றப்படும் கொள்ளி ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கிறது. விரைவால் வட்டமாகத் தெரிகிறது. மனமும் அப்படி விரைந்து மாறுவதால் தொடர்ச்சி ஒருங்கமைவுபோலத் தோன்றுகிறது. விநாடிக்கு 60 அசையாப் படங்களை ஓடும் உலகமாகக் காட்டும் கருவியின் அடிப்படையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம். தமிழ் மரபில் அவதானக் கலையும் இதே உண்மையின்மேல் நிற்கிறது. 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரும், யாழ்ப்பாணத்துப் புலோலியில் பிறந்த சதாவதானி நா. கதிரைவேற்பிள்ளையும் நூறு செயல்களில் கவனம் வைத்தார்கள் என்றால், நியாயத்தின் கணக்கில் ஒரே மனம் நூறு இடங்களுக்குத் தவறாமல் போய்வந்தது என்றே பொருள்.

நினைவைப் பற்றியும் நியாய சூத்திரம் தனியே பேசுகிறது. அனுபவம் விட்டுச்சென்ற பதிவுகள் எல்லாம் ஆன்மாவில் ஒன்றாகவே கிடக்கின்றன. ஆயின் நினைவுகள் ஏன் ஒன்றாக எழுவதில்லை? பதிவு மட்டும் போதாது, அதை எழுப்பும் காரணமும் வேண்டும் என்பது விடை. கவனம், பயிற்சி, அடையாளம், ஒப்புமை, முன்பின் வரிசை, பிரிவு, இன்பம், துன்பம், அச்சம் என்று இருபதுக்கு மேற்பட்ட காரணங்களை நூல் அடுக்குகிறது. கொன்சோல் வடிவமைப்பாளர்கள் இதே பட்டியலின் சில உறுப்புகளைத் தாமாகக் கண்டுபிடித்தார்கள். ஒன்றைக் கேட்டால் அடுத்து எது கேட்கப்படும் என்று ஊகித்து முன்கூட்டியே எடுத்துவைப்பது வரிசையின் பயன். வட்டிலிருந்து மெதுவாகப் படிக்கவேண்டியிருந்த காலத்தில் ஒரே தரவை வட்டின் பல இடங்களில் திரும்பத் திரும்பப் பதிந்து வைத்தார்கள். இடம் வீணானாலும் தேடும் நேரம் குறைந்தது. கொள்ளளவைக் கொடுத்து வேகத்தை வாங்கிய பேரம் அது.

பௌத்தம் இன்னொரு திசையில் போகிறது. எல்லாம் கணந்தோறும் தோன்றி அழிவன; நிலைத்து நின்று நினைப்பவர் என்று ஒருவர் இல்லை; முன்கணம் பின்கணத்துக்குத் தன் வாசனையைக் கொடுத்துவிட்டு மறைகிறது. போன கோட்டை விட்டுவிட்டுப் புதிய கோட்டை வரைந்துகொண்டே போகும் அட்டாரி இந்தக் கொள்கைக்கு ஏற்ற உருவம்போலத் தெரியும். ஆனால் அந்த 128 பைட் இல்லாவிட்டால் அடுத்த கோட்டில் பந்து எங்கே இருக்கவேண்டும் என்று நிரலுக்குத் தெரியாது. சித்தாந்திகள் பிடித்துக்கொள்ளும் இடமும் இதுவே. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் சௌத்திராந்திகர் முதலிய நான்கு பௌத்தப் பிரிவுகளையும் எடுத்து மறுக்கிறார். நேற்றுக் கண்டதை இன்று ‘அதுதான் இது’ என்று அறியும் அனுபவத்துக்கு, இரண்டு கணத்தையும் கடந்து நிற்கும் ஒருவர் வேண்டும் என்பது நிலைத்த உயிரைக் கொள்வோர் எல்லோரும் பௌத்தத்துக்கு எதிராக வைத்த வலுவான வாதம். வாசனை கைமாறுவது போதும் என்று பௌத்தர் சொல்லும் விடையை எளிதில் தள்ளிவிட முடியாது. எந்திரம் ஓடுவதற்கு அது போதும் என்பதைக் கொன்சோலே காட்டுகிறது. நினைவு கைமாறுவதற்கு அது போதும். நினைவு எவருக்கு எழுகிறது என்பதற்கு அது விடையாகாது.

சைவ சித்தாந்தத்தின் விடை இவற்றுள் மிக நுட்பமானது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் வழியில், உயிர் வியாபகமானது, அறிவுடையது. அதன் குறைவு கொள்ளளவில் இல்லை. ஆணவ மலம் அதை மறைத்திருப்பதால் அது எதையும் தானாக அறிய முடியாமல் கிடக்கிறது. மாயையிலிருந்து வந்த தத்துவங்களைக் கருவிகளாகக் கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு சிறு பகுதியை ஏகதேசமாக அறிகிறது. எங்கும் நிறைந்த பொருள் ஏன் இவ்வளவு சிறிதாக அறிகிறது என்ற புதிருக்கு, உள்ளே இருப்பதற்கும் உணர்வுக்கு வருவதற்கும் இடையிலுள்ள வழி அடைபட்டிருக்கிறது என்று சித்தாந்தம் காரணம் சொல்கிறது. நியாயம் மனத்தின் அணுத்தன்மையில் வைத்த வரம்பை அது மலத்தில் வைக்கிறது. இந்த மாற்றத்தின் பயன் பெரிது. அணு என்றும் அணுதான், மலமோ நீங்கக்கூடியது.

உயிரின் ஐந்து அவத்தைகளைச் சித்தாந்தம் எண்ணோடு சொல்கிறது. நனவில் 35 கருவிகள் தொழிற்படுகின்றன, கனவில் 25, உறக்கத்தில் சித்தம், பிராணன், புருடன் என்ற 3, பேருறக்கத்தில் சித்தமும் விலகி 2, உயிர்ப்படங்கலில் புருடன் ஒன்றே. இருப்பிடமும் புருவ நடுவிலிருந்து கண்டம், இதயம், நாபி, மூலாதாரம் என்று இறங்குகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பவரின் நினைவுப் பதிவுகளில் ஒன்றும் குறைவதில்லை. விழித்ததும் தன் பெயரும் ஊரும் கடனும் அப்படியே இருக்கின்றன. குறைந்தது எடுத்துக்கொடுக்கும் கருவிகளின் எண்ணிக்கை மட்டுமே. கொள்ளளவு மாறாமல் வேகம் ஒன்றுமில்லாத நிலைவரை இறங்கி மீண்டும் ஏறுவது ஒவ்வோர் இரவும் நடக்கிறது. நினைவைக் கிடங்காக மட்டும் பார்ப்பவர்களால் உறக்கத்தை விளக்க முடியாமல் போவது இதனால்தான்.

வினைக் கொள்கையிலும் இதே பிரிவு உண்டு. பல பிறவிகளில் ஈட்டிய வினை சஞ்சிதம். அதில் இந்தப் பிறவியில் நுகர்வுக்கு எடுக்கப்பட்ட பகுதி பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். சஞ்சிதம் முழுவதும் ஒருசேர நுகர்வுக்கு வருவதில்லை. அது மந்திரம், பதம், வன்னம், புவனம், தத்துவம், கலை என்ற ஆறு அத்துவாக்களில் கட்டுண்டு கிடக்கிறது; தீட்சையில் ஆசாரியர் தூய்மை செய்வது அதையே. இத்தகைய சுமை ஒரு கொன்சோல் விளையாட்டிலும் தெரிந்தது. 2011இல் வெளியான ஸ்கைரிம் விளையாட்டு, ஆடுபவர் மாற்றியவற்றை எல்லாம் நினைவில் வைத்திருந்தது: எந்தக் கதவு திறந்தது, எந்தப் பொருள் எங்கே கிடக்கிறது, யார் இறந்தார் என்பதுவரை. ஆட ஆடச் சேமிப்புக் கோப்பு பெருத்தது. பிளேஸ்டேஷன் 3இன் நினைவகம் 256 மெகாபைட் கொண்ட இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருந்ததால், கோப்புப் பெருத்த ஆட்டங்கள் அங்கே தடுமாறித் தேங்கின. செய்தவை சேரச் சேர அடுத்ததைச் செய்வது கடினமாயிற்று. வினையை இருப்பாகச் சுமப்பதன் விளைவு இதுதான் என்று சித்தாந்தி சொல்லியிருப்பார். தீட்சையால் சஞ்சிதம் கழியவேண்டும் என்ற கொள்கையில், சுமையின் அளவே ஒரு தடை என்ற உணர்வு இருக்கிறது.

ஒரு சமூகத்தின் நினைவுக்கும் இந்த இரு அளவுகள் உண்டு. செட்டிபாளையம் கண்ணகி அம்மன் கோயிலும் மட்டக்களப்பின் ஏனைய கண்ணகி கோயில்களும் இதற்குச் சிறந்த இடங்கள். இவற்றுள் பல, ஆண்டின் பெரும்பகுதி மூடியே இருக்கும். வைகாசியில் கதவு திறத்தலோடு சடங்கு தொடங்கி, அடுத்தடுத்த நாள்களில் கண்ணகி வழக்குரை படிக்கப்பட்டு, திருக்குளிர்த்தியோடு முடியும். கப்பல் வைத்த காதை, கடலோட்டு காதை, அடைக்கலக் காதை, வழக்குரைத்த காதை என்று கதை பகுதி பகுதியாக எழுகிறது. மதுரையை எரித்த அம்மனின் சினம் இறுதியில் குளிர்விக்கப்படுகிறது. வி.சீ. கந்தையா 1968இல் இதனைப் பதிப்பித்து அச்சுக்குக் கொண்டுவரும் முன்னரே, ஏட்டிலும் படிப்போர் குரலிலும் அது தலைமுறை தலைமுறையாக நின்றது. பாட்டில் ஓர் அடி அடுத்த அடியை இழுத்து வருகிறது. ஓசை பொருளை இழுக்கிறது. நாளும் சடங்கும் காதையை இழுக்கின்றன. நியாயம் பட்டியலிட்ட காரணங்களில் பயிற்சி, வரிசை, அடையாளம் ஆகிய மூன்றும் இங்கே ஒன்றாகத் தொழிற்படுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறைதான் கதவு திறக்கிறது. ஆனால் தவறாமல் திறக்கிறது, திறக்கும்போது முழுக் கதையும் வருகிறது.

இதே கண்ணகி கதையின் மூத்த நூலான சிலப்பதிகாரத்தில் இன்னொன்றும் இருந்தது. அரங்கேற்று காதையில் யாழின் நரம்பும் பண்ணும் பாலையும் நுட்பமாகப் பதியப்பட்டிருந்தன. ஏடு அழியவில்லை, படிப்போரும் இருந்தனர். ஆனால் யாழை மீட்டும் கை பல நூற்றாண்டுகளாக இல்லாமற்போனதால் அந்த அடிகள் இருந்தும் நினைவுக்கு வராதவையாயின. செட்டிபாளையத்துக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. சுரங்களின் அலைவிகிதங்களைக் கணக்கிட்டு அந்த அடிகளைத் திறந்தார். அவருடைய யாழ்நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். ஊர்க் கோயிலில் ஆண்டுதோறும் படிக்கப்பட்ட கதைக்கு இத்தகைய மீட்பு தேவைப்படவில்லை. நூலில் பத்திரமாக இருந்த இசைக்குத் தேவைப்பட்டது. பண்பாட்டைக் காப்பது என்றால் ஆவணக் காப்பகம் கட்டுவது என்று மட்டும் எண்ணுவோர் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. போரிலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் பெரும் இழப்பைக் கண்ட இந்தக் கரையில், அழியாமல் எடுத்து வைப்பதும் வேண்டும். வைகாசியில் குரல் எழுவதும் வேண்டும். இரண்டில் ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

இனி எஞ்சுவது, வேகத்தை எல்லையின்றிக் கூட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி. பிளேஸ்டேஷன் 5இன் திண்மநிலைச் சேமிப்பகம் விநாடிக்கு 5.5 ஜிகாபைட் படிக்கும். முழு நினைவகத்தையும் ஏறக்குறைய மூன்று விநாடியில் நிரப்பிவிடும். இந்தப் போக்கின் முடிவில் இருப்பதெல்லாம் ஒரே கணத்தில் வந்துவிடும் எந்திரம் ஒன்றைக் கற்பனை செய்யலாம். அது முற்றறிவாகுமா?

திருக்குறளுக்கு உரை செய்த பரிமேலழகர் சைவாகமத்தின் வழியே இறைவனின் எண்குணங்களை எண்ணும்போது, முற்றும் உணர்தலையும் இயற்கை உணர்வினன் ஆதலையும் இரண்டு குணங்களாகப் பிரித்தே வைக்கிறார். முன்னது அறிவின் பரப்பைப் பற்றியது, பின்னது அறியும் விதத்தைப் பற்றியது. இறைவனுடைய அறிவு எங்கோ வைத்திருந்து எடுக்கப்படுவதன்று. அங்கே எடுப்பதற்குக் கருவியும் இல்லை, காத்திருப்பதற்குக் காலமும் இல்லை. எந்திரம் எவ்வளவு விரைந்தாலும் அதற்கு வைக்கும் இடம் ஒன்று, எடுக்கும் இடம் ஒன்று. இடையிலுள்ள தூரம் குறையும், இல்லாமற்போகாது. மேலும் எடுத்து வரப்பட்டது திரையில் விழுகிறதே தவிர, எந்திரத்துக்குள் எவருக்கும் தோன்றுவதில்லை. விளையாட்டைக் காண்பவர் வெளியே அமர்ந்திருக்கிறார்.

உயிருக்குச் சொல்லப்பட்ட வழியும் இதனால்தான் வேறாக இருக்கிறது. சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தின்படி, கண் காண்பதற்கு உயிர் கண்ணோடு நின்று தானும் கண்டு, கண்ணுக்கும் காட்டவேண்டும். அதுபோல உயிர் அறிவதற்கு இறைவன் உயிரோடு நின்று கண்டு காட்டுகிறான். மலம் நீங்கிய உயிர் இறைவனைப்போல எல்லாவற்றையும் தன் உடைமையாக வைத்திருக்கும் நிலையை அடைவதாகச் சித்தாந்தம் கூறவில்லை. கருவிகள் கழன்ற பிறகு, தேடி எடுக்கும் வேலை அதற்கு இல்லை. காட்டுவது அருள், காண்பது உயிர். கொள்ளளவு, வேகம் என்ற இரண்டு அளவுகளும் கருவிகளோடு கூடி ஏகதேசமாய் அறியும் சகல நிலைக்கு மட்டுமே உரியவை.